லண்டன் எம்.எஸ்சி முடித்தால் பார்மசிஸ்ட் ஆகிவிடலாமா? பி.ஃபார்ம் மாணவர்கள் பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியது என்ன?

பி.ஃபார்ம் கடைசி செமஸ்டர் நெருங்கும்போதே வாட்ஸ்அப்பில் விளம்பரங்கள் வர ஆரம்பித்துவிடும். 'யு.கே-வில் எம்.எஸ்சி, ஒரே வருடம், படித்துக்கொண்டே வேலை, முடித்ததும் விசா'. கோவையிலோ சேலத்திலோ ஒரு ஹோட்டல் ஹாலில் கல்விக் கண்காட்சி நடக்கும். அப்பாவும் அம்மாவும் கூடவே வந்து உட்கார்ந்திருப்பார்கள். கட்டணம், தங்கும் செலவு, வங்கிக் கடன் என்று எல்லாம் பேசி முடிப்பார்கள். ஒரே ஒரு கேள்வியை மட்டும் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. இந்தப் படிப்பை முடித்தால் அந்த நாட்டில் பார்மசிஸ்டாகப் பதிவு செய்ய முடியுமா?

பிரிட்டனைப் பொறுத்தவரை பதில் நேரடியானது. முடியாது. பார்மசூட்டிக்ஸ், பார்மகாலஜி, கிளினிக்கல் ரிசர்ச், மருந்து ஆராய்ச்சி என்று எந்தப் பெயரில் எம்.எஸ்சி படித்தாலும் அது பார்மசிஸ்ட் பதிவுக்கான தகுதி ஆகாது. மருந்து கம்பெனி வேலைக்கோ ஆராய்ச்சிக்கோ அது உதவலாம். ஆனால், கவுன்டருக்குப் பின்னால் வெள்ளை கோட்டுடன் நின்று மருந்துச் சீட்டைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடும் அதிகாரம் அதில் வராது. அதற்கான பாதையே வேறு.

இந்த வித்தியாசம் புரியாமல் விமானம் ஏறுபவர்களுக்கு, அது புரியும்போது கல்விக் கடனின் வட்டி ஓட ஆரம்பித்திருக்கும். போதாக்குறைக்கு, 2025-ல் பிரிட்டன், அமெரிக்கா, சவுதி அரேபியா என மூன்று இடங்களிலும் விசா, வேலை விதிகள் இறுகியிருக்கின்றன. முன்பு 'போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்று இருந்த இடைவெளி இப்போது சுருங்கிவிட்டது.

எம்.எஸ்சி வேறு, ஓஸ்பேப் வேறு

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றிலும் பார்மசிஸ்டுகளைப் பதிவு செய்வது ஜெனரல் பார்மசூட்டிக்கல் கவுன்சில். சுருக்கமாக ஜி.பி.எச்.சி. 2010 முதல் இயங்குகிறது. வடக்கு அயர்லாந்துக்குத் தனி அமைப்பு இருக்கிறது. அங்கே 'பார்மசிஸ்ட்' என்பது சட்டப் பாதுகாப்பு உள்ள சொல். பதிவேட்டில் பெயர் இல்லாதவர் தன்னை பார்மசிஸ்ட் என்று சொல்லிக்கொள்வதே குற்றம்.

இந்தியாவில் படித்தவர்கள் அந்தப் பதிவேட்டுக்குள் நுழைய ஓஸ்பேப் என்ற ஓராண்டுப் படிப்பை முடிக்க வேண்டும். வெளிநாட்டு பார்மசிஸ்டுகளுக்காகவே ஜி.பி.எச்.சி அங்கீகரித்த படிப்பு இது. ஆஸ்டன், பிரைட்டன், ஹெர்ட்ஃபோர்ட்ஷர், சண்டர்லேண்ட் என விரல்விட்டு எண்ணக்கூடிய பல்கலைக்கழகங்கள்தான் இதை நடத்தி வந்திருக்கின்றன. எந்த ஆண்டு எங்கே இடம் இருக்கிறது என்ற பட்டியலை ஜி.பி.எச்.சி இணையதளத்திலேயே பார்க்கலாம். ஏஜென்ட் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. சில பல்கலைக்கழகங்களில் ஓஸ்பேப்பை முதுநிலை டிப்ளமாவாக முடிக்கலாம், கூடுதலாக ஆய்வுக் கட்டுரை எழுதி எம்.எஸ்சி ஆக்கிக்கொள்ளவும் செய்யலாம். ஆகவே 'எம்.எஸ்சி' என்ற சொல் இருக்கிறதா இல்லையா என்பது கணக்கே இல்லை. அனுமதிக் கடிதத்தில் ஓஸ்பேப் என்று இருக்கிறதா, அந்தப் பல்கலைக்கழகம் ஜி.பி.எச்.சி பட்டியலில் இருக்கிறதா, இந்த இரண்டு மட்டும்தான் கணக்கு.

ஓஸ்பேப்பில் சேர என்ன வேண்டும்? பார்மசி பட்டம், சொந்த நாட்டில் பார்மசிஸ்டாகப் பதிவு அல்லது பதிவுக்கான தகுதி, ஒழுங்கு நடவடிக்கை எதுவும் இல்லை என்பதற்கான சான்று, ஆங்கிலம். ஐ.இ.எல்.டி.எஸ் அகாடமிக் தேர்வில் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் நான்கிலும் தனித்தனியாக 7 எடுக்க வேண்டும், அதுவும் ஒரே முறை எழுதிய தேர்வில். சராசரி 7 வந்தால் போதாது. சாதாரண எம்.எஸ்சி-க்கு 6, 6.5 என்று சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகங்கள் நிறைய. 'ஓஸ்பேப் கஷ்டம், முதலில் எம்.எஸ்சி போய்விடலாம், அங்கே போய் மாறிக்கொள்ளலாம்' என்ற யோசனை இங்கிருந்துதான் பிறக்கிறது. பலரும் பெரும்பாலும் எழுதுதல் பகுதியில்தான் 7-ஐத் தொட முடியாமல் திணறுகிறார்கள்.

படிப்பு முடிந்தால் பாதி தூரம்தான்

ஓஸ்பேப் முடிந்ததும் 52 வாரப் பயிற்சி. முன்பு ப்ரீ-ரெஜ் என்றார்கள், இப்போது ஃபவுண்டேஷன் பயிற்சி என்கிறார்கள். சம்பளம் உண்டு. மருத்துவமனையிலோ வீதியோர மருந்தகத்திலோ ஒரு பார்மசிஸ்டின் மேற்பார்வையில் வேலை செய்ய வேண்டும். இந்த இடம் தானாகக் கிடைத்துவிடாது. நான்கு ஆண்டு எம்.ஃபார்ம் முடித்த உள்ளூர் மாணவர்களும் இதே இடங்களுக்குத்தான் போட்டி போடுகிறார்கள். வெளிநாட்டவராக இருந்தால், விசாவுக்கு ஸ்பான்சர் செய்யும் உரிமம் உள்ள நிறுவனமாகவும் அது இருக்க வேண்டும்.

கடைசிக் கட்டம் பதிவுத் தேர்வு. ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது. மொத்தம் மூன்று வாய்ப்புதான். முதல் தாளில் 40 கணக்குகள், 2 மணி நேரம். இரண்டாம் தாளில் 120 கேள்விகள், இரண்டரை மணி நேரம்.

கணக்கு என்றால் என்ன மாதிரி கணக்கு? ஒரு குழந்தையின் எடை 18 கிலோ. கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் பாரசிட்டமால் கொடுக்க வேண்டும். கையில் இருக்கும் சிரப்பில் 5 மில்லியில் 120 மில்லிகிராம் மருந்து. எத்தனை மில்லி ஊற்ற வேண்டும்? விடை 11.25 மில்லி. பார்க்க எளிதாகத்தான் தெரியும். ஆனால், தேர்வில் நான்கு ஆப்ஷன் கொடுத்து டிக் அடிக்கச் சொல்வதில்லை. விடையை நீங்களே போட வேண்டும். 3 நிமிடத்துக்கு ஒன்று வீதம் 40 கணக்குகள், அதில் பல இதைவிடச் சிக்கலானவை.

கூட்டிப் பார்த்தால், பி.ஃபார்முக்குப் பிறகு எல்லாம் தடையில்லாமல் நடந்தாலும் குறைந்தது 2 ஆண்டுகள். ஐ.இ.எல்.டி.எஸ் இரண்டாவது முறை, பயிற்சி இடத்துக்குக் காத்திருப்பு என்று சேர்ந்தால் மூன்றைத் தாண்டும்.

நாலு வருஷம் படித்தவரை ஏன் மறுபடி படிக்கச் சொல்கிறார்கள்?

இந்தக் கோபம் நியாயமானதுதான். இந்தியாவில் தயாராகும் மாத்திரையை வாங்கி உலகமே விழுங்குகிறது, அதைப் படித்தவர்களை மட்டும் ஏன் நம்ப மாட்டேன் என்கிறார்கள்?

காரணம் பட்டத்தின் தரத்தைவிட வேலையின் தன்மையில்தான் அதிகம் இருக்கிறது. இந்திய பி.ஃபார்ம் பாடத்திட்டம் பெரும்பாலும் மருந்தை உருவாக்குவதைப் பற்றியது. வேதியியல், மாத்திரைத் தயாரிப்பு, மூலிகை ஆய்வு, தரக் கட்டுப்பாடு. மருந்து கம்பெனிகளுக்கு ஆள் தயார் செய்ய அது அருமையான படிப்பு. நோயாளியின் எதிரில் உட்கார்ந்து பேசும் பயிற்சி அதில் குறைவு.

பிரிட்டனில் பார்மசிஸ்டின் வேலை கிட்டத்தட்ட அரை டாக்டர் வேலையாக மாறிக்கொண்டிருக்கிறது. 2024 ஜனவரி 31 அன்று இங்கிலாந்தில் 'பார்மசி ஃபர்ஸ்ட்' திட்டம் தொடங்கியது. தொண்டை வலி, சைனஸ், காது வலி, தொற்று ஏற்பட்ட பூச்சிக்கடி, அக்கி, தோல் தொற்றான இம்பெட்டிகோ, பெண்களுக்கு வரும் சிறுநீர்த் தொற்று ஆகிய 7 பிரச்சினைகளுக்கு டாக்டரிடம் போகாமல் மருந்தகத்திலேயே பார்த்து, தேவைப்பட்டால் ஆன்டிபயாடிக் உட்பட பார்மசிஸ்டே கொடுக்கலாம். அதைவிடப் பெரிய மாற்றம், 2026 முதல் அந்நாட்டுப் புதிய பாடத்திட்டத்தில் படித்து வெளிவரும் பார்மசிஸ்டுகள் பதிவாகும் நாளிலேயே மருந்து எழுதிக்கொடுக்கும் உரிமையுடன் வருகிறார்கள். வெளிநாட்டில் படித்துவிட்டு அங்கே போட்டி போடுபவர் இவர்களோடுதான் நிற்க வேண்டும்.

தமிழ்நாட்டில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமலேயே 'அண்ணே, தொண்டை வலிக்கு ஏதாவது குடுங்க' என்றால் மாத்திரை கிடைத்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத் தெரியலாம். அங்கே அதற்கு ஒரு நெறிமுறை, ஒரு பதிவு, தவறினால் பதில் சொல்ல ஒரு பெயர் இருக்கிறது.

தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வழக்கு இன்றும் பேசப்படுகிறது. 2007-ல் 72 வயதுப் பெண் ஒருவருக்கு டாக்டர் எழுதியது புரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு. கைக்குப் போனது புரோப்ரானோலால் என்ற ரத்த அழுத்த மாத்திரை. பெயர்கள் ஒன்றுபோல ஒலித்தாலும் இரண்டும் முற்றிலும் வேறு மருந்துகள். வழக்கு கிரிமினல் நீதிமன்றம் வரை போனது. 2009-ல் அந்த பார்மசிஸ்டுக்கு 3 மாத சிறைத்தண்டனை விதித்து நிறுத்திவைத்தார்கள். மேல்முறையீட்டில் அது அபராதமாகக் குறைந்தது. தெரியாமல் நேரும் பிழைகளுக்கு கிரிமினல் வழக்கிலிருந்து ஓரளவு பாதுகாப்பு தரும் சட்டத் திருத்தம் 2018-ல்தான் வந்தது. ஒரு பெட்டியின் மேல் ஒட்டும் லேபிளுக்கு இவ்வளவு பொறுப்பு இருக்கும் நாடு, கையெழுத்துப் போடுபவரைத் தானே ஒருமுறை சோதித்துப் பார்க்காமல் விடாது.

விசா விதிகள் என்ன சொல்கின்றன?

'எம்.எஸ்சி முடித்துவிட்டு மருந்தகத்தில் உதவியாளராக நுழைந்தால், பிறகு ஸ்பான்சர் கிடைக்கும்' என்ற கணக்கு இனி எடுபடுவது கடினம். 2025 ஜூலை 22 முதல் பிரிட்டனின் ஸ்கில்டு வொர்க்கர் விசா பொதுவாகப் பட்டப்படிப்பு நிலை வேலைகளுக்கு மட்டும்தான். பார்மசிஸ்ட் அந்த நிலையில் வருகிறார். கவுன்டர் உதவியாளர் வரமாட்டார். பொதுவான குறைந்தபட்ச சம்பள வரம்பும் ஆண்டுக்கு 38,700 பவுண்டிலிருந்து 41,700 பவுண்டாக உயர்ந்தது. என்.எச்.எஸ் சம்பள அளவில் வேலைக்கு வருபவர்கள், புதிதாக வேலையில் சேர்பவர்கள் ஆகியோருக்குத் தனி வரம்புகள் உண்டு.

படிப்பு முடிந்து வேலை தேட அனுமதிக்கும் கிராஜுவேட் விசா 2 ஆண்டுகளாக இருந்தது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதம் மட்டுமே. திருமணமானவர்களுக்கு இன்னொரு விஷயம். 2024 ஜனவரி முதல் வகுப்பறை சார்ந்த முதுநிலைப் படிப்புக்குப் போகும் மாணவர்கள் கணவன், மனைவி, குழந்தைகளை அழைத்துச் செல்ல முடியாது. ஓஸ்பேப்பும் இதில் அடங்கும். மாணவர் விசாவில் இருக்கும்போது வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். அந்தச் சம்பளத்தில் கட்டணம் கட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால், கால்குலேட்டரை எடுத்து அவர் முன்னாலேயே போட்டுப் பார்ப்பது நல்லது.

அமெரிக்கக் கதவு 17 வயதிலேயே மூடிவிடுகிறது

அமெரிக்காவின் விதி இன்னும் கறாரானது. வெளிநாட்டு பார்மசி பட்டங்களைச் சோதிக்கும் என்.ஏ.பி.பி அமைப்பு, 2003 ஜனவரி 1-க்குப் பிறகு பட்டம் பெற்றவர்கள் குறைந்தது 5 ஆண்டு பார்மசி பாடத்திட்டத்தில் படித்திருக்க வேண்டும் என்கிறது. இந்திய பி.ஃபார்ம் 4 ஆண்டுதான். அதோடு 2 ஆண்டு எம்.ஃபார்ம் சேர்த்தால் 6 ஆகிறதே என்றால், அந்தக் கூட்டல் அங்கே செல்லாது. அடிப்படைத் தொழிற்பட்டமே 5 ஆண்டாக இருக்க வேண்டும்.

இந்தியாவில் 2008-ல் அறிமுகமான 6 ஆண்டு ஃபார்ம்.டி இந்த வரம்பைத் தாண்டுகிறது. 5 ஆண்டு படிப்பு, ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி. அதாவது, பிளஸ் டூ முடித்த கையோடு 'பி.ஃபார்மா, ஃபார்ம்.டி-யா' என்று விண்ணப்பத்தில் டிக் அடிக்கும்போதே அமெரிக்காவில் பார்மசிஸ்ட் ஆகும் வாய்ப்பு திறக்கிறது அல்லது மூடுகிறது. பி.ஃபார்ம் படித்தவர் பிறகு அங்கே பார்மசிஸ்ட் ஆக வேண்டுமென்றால், அமெரிக்கக் கல்லூரியிலேயே ஃபார்ம்.டி-யை முதலிலிருந்து படிப்பதுதான் வழி. செலவைப் பார்த்தாலே பெரும்பாலானோர் பின்வாங்கிவிடுவார்கள்.

ஃபார்ம்.டி படித்தவருக்கும் ஓட்டம் நீளம்தான். எஃப்.பி.ஜி.இ.இ என்ற சமநிலைத் தேர்வு, ஆங்கிலத் தேர்வு, மாநிலத்துக்கு மாநிலம் மாறும் பயிற்சி நேரம் (பல மாநிலங்களில் 1,500 மணி நேரம் அளவுக்கு), பிறகு நாப்ளெக்ஸ் தேர்வு, அதோடு பெரும்பாலான மாநிலங்களில் மருந்துச் சட்டத் தேர்வு. இவை எல்லாம் முடித்தாலும் ஸ்பான்சர் வேண்டும். 2025 செப்டம்பரில் வந்த உத்தரவின்படி, அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர்களுக்காகப் புதிதாக எச்-1பி விண்ணப்பிக்கும் நிறுவனம் 1 லட்சம் டாலர் கட்ட வேண்டும். ஐ.டி கம்பெனிகளே யோசிக்கும் தொகை இது. ஒரு மருந்துக்கடை செயின் வெளிநாட்டிலிருந்து ஒருவரை அழைக்க இவ்வளவு கட்டுமா என்பதை ஊகிப்பது கடினமில்லை.

கனடாவும் ஆஸ்திரேலியாவும் எப்படி?

4 ஆண்டு பி.ஃபார்ம் படித்தவர்களுக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் தருவது இந்த இரண்டு நாடுகள்தான். இரண்டிலும் முழுப் படிப்பை மறுபடி படிக்கச் சொல்வதில்லை. தேர்வு வைக்கிறார்கள்.

கனடாவில் கியூபெக் தவிர்த்த மாகாணங்களுக்கு பி.இ.பி.சி என்ற தேசியத் தேர்வு வாரியம் இருக்கிறது. முதலில் சான்றிதழ் ஆய்வு, பிறகு மதிப்பீட்டுத் தேர்வு, அதன்பின் இரண்டு பகுதிகள் கொண்ட தகுதித் தேர்வு. இதில் இரண்டாம் பகுதிதான் இந்தியர்களுக்குப் புதிது. நோயாளியாக நடிக்கும் ஒருவர் எதிரில் உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு அறையாகப் போய்ப் பேச வேண்டும். வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார், அலர்ஜி இருக்கிறதா என்று சில நிமிடங்களுக்குள் கேட்டு, சரியான ஆலோசனை சொல்ல வேண்டும். புத்தகத்தை மனப்பாடம் செய்து இதைக் கடக்க முடியாது. இதன் பிறகும் மாகாண அளவில் சட்டத் தேர்வு, பயிற்சி அல்லது மதிப்பீடு இருக்கிறது. ஒன்டாரியோவில் 2023 ஜனவரி முதல் சில சின்னச் சின்ன நோய்களுக்கு பார்மசிஸ்டே மருந்து எழுதுகிறார் என்பதை வைத்துப் பார்த்தால், இந்த நேரடித் தேர்வு எதற்கு என்பது புரியும்.

ஆஸ்திரேலியாவில் முன்பு கேப்ஸ் என்ற தேர்வு இருந்தது. 2025-ல் அதன் இடத்தில் ஓப்ரா என்ற புதிய தேர்வு வந்துவிட்டது. பழைய கேப்ஸ் வழிகாட்டிப் புத்தகங்களை இன்னமும் விற்றுக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள், கவனம். தேர்வில் வென்றால் தற்காலிகப் பதிவு, மேற்பார்வையில் 1,575 மணி நேர வேலை, பிறகு ஒரு எழுத்துத் தேர்வு, ஒரு வாய்மொழித் தேர்வு. அதன் பிறகுதான் முழுப் பதிவு.

இங்கேயும் கஷ்டம் இல்லாமல் இல்லை. ஆனால், பல லட்சம் கட்டணம் கட்டிப் போய் 'இது செல்லாது' என்று கேட்கும் நிலைமைக்குப் பதிலாக, ஊரில் இருந்தபடியே முதல் கட்டத்தைத் தாண்ட முடியுமா என்று சோதித்துப் பார்க்கலாம். அந்த ஒரு காரணத்துக்காகவே இந்த இரண்டு பாதைகளும் நடுத்தரக் குடும்பங்களுக்குப் பாதுகாப்பானவை என்று சொல்லலாம்.

வளைகுடா இன்னும் சுலபமா?

படிப்பு என்ற அளவில், ஆம். துபாயில் டி.எச்.ஏ, அபுதாபியில் சுகாதாரத் துறை, மற்ற எமிரேட்டுகளில் மத்திய அமைச்சகம் என உரிமம் தருபவர்கள் தனித்தனி. சவுதியில் சுகாதார வல்லுநர்களுக்கான ஆணையம். எல்லா இடத்திலும் நடைமுறை ஏறக்குறைய ஒன்றுதான். கம்ப்யூட்டர் வழித் தேர்வு ஒன்று, 'டேட்டாஃப்ளோ' எனப்படும் சான்றிதழ் சரிபார்ப்பு ஒன்று. பட்டம் கொடுத்த பல்கலைக்கழகம், பதிவு செய்த கவுன்சில், வேலை செய்த கடை என எல்லா இடத்துக்கும் நேரடியாகக் கேட்டு உறுதி செய்வார்கள். டி.ஃபார்ம் படித்தவர்களுக்குப் பெரும்பாலும் பார்மசிஸ்ட் அல்ல, டெக்னீஷியன் அல்லது உதவியாளர் நிலைதான்.

வேலை என்று வரும்போது நிலைமை மாறுகிறது. சவுதி அரேபியா பார்மசி வேலைகளில் சொந்த நாட்டவரின் பங்கை உயர்த்திவிட்டது. 2025 ஜூலையில் அமலுக்கு வந்த விதிப்படி, 5 அல்லது அதற்கு மேற்பட்டோர் இந்தத் தொழிலில் இருக்கும் நிறுவனங்களில், மருந்தகங்களில் 35 சதவீதமும் மருத்துவமனை பார்மசிகளில் 65 சதவீதமும் மற்ற பார்மசி சார்ந்த வேலைகளில் 55 சதவீதமும் சவுதி நாட்டவருக்கு. அங்கே பார்மசி படித்து வெளிவரும் உள்ளூர் இளைஞர்கள் பெருகிவிட்டார்கள், அவர்களுக்கு வேலை வேண்டும் என்பது அந்த அரசின் கணக்கு. மருத்துவமனை வேலையை நம்பிப் போகிறவர்கள் இந்த 65-ஐ மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சிக்கல் சில சமயம் சொந்த ஊரிலேயே

எந்த நாட்டுக்குப் போனாலும் முதல் படி இங்கே மாநில பார்மசி கவுன்சிலில் பதிவு செய்வது. 1948-ம் ஆண்டு பார்மசி சட்டப்படி இந்தியாவில் மருந்து வழங்கவும் இதுதான் அடிப்படை. கம்பெனி வேலைக்குப் போகிறோம், பதிவு எதற்கு என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. நாலைந்து வருடம் கழித்து வெளிநாடு போக முடிவெடுக்கும்போது, 'நன்னடத்தைச் சான்று கொடுங்கள்' என்று அங்கே கேட்பார்கள். பதிவே இல்லாதவருக்கு எந்தச் சான்றைக் கொடுப்பது?

அடுத்தது, வெளியே யாரும் சத்தமாகப் பேசாத விஷயம். சர்டிஃபிகேட்டை வாடகைக்கு விடுவது. மெடிக்கல் ஷாப் உரிமத்துக்கு ஒரு பார்மசிஸ்டின் பெயர் வேண்டும். மாதம் ஒரு தொகை வாங்கிக்கொண்டு பெயரை மட்டும் கொடுத்துவிட்டு வேறு ஊரில் வேறு வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். சட்டப்படி இது தவறு என்பது ஒருபுறம். வெளிநாட்டுப் பதிவு என்று வரும்போது இது நேரடியாகக் காலை வாரிவிடும். அனுபவச் சான்றிதழில் சொல்லும் தேதியும், கடை உரிமத்தில் பெயர் இருக்கும் தேதியும், எம்.ஃபார்ம் வகுப்பில் வருகைப் பதிவு இருக்கும் தேதியும் ஒன்றோடொன்று மோதினால் சரிபார்ப்பில் அறிக்கை எதிராக வரும். ஒரு நாட்டில் அப்படி வந்தால் அடுத்த நாட்டிலும் விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

மூன்றாவது, தமிழர்களுக்கே உரிய இனிஷியல் பிரச்சினை. மார்க்‌ஷீட்டில் 'எஸ். கார்த்திக்'. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக விரிந்து குடும்பப் பெயர் இடத்தில் உட்கார்ந்திருக்கும். கவுன்சில் பதிவில் வேறு மாதிரி. நமக்கு மூன்றும் ஒருவர்தான். வெளிநாட்டு அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் இருப்பவருக்கு மூன்று பேர். பாஸ்போர்ட் எடுக்கும்போதே சான்றிதழோடு ஒத்துப்போகும்படி பார்த்துக்கொண்டால், பின்னால் அஃபிடவிட்டுக்கும் பெயர் மாற்ற அரசிதழுக்கும் அலைய வேண்டியதில்லை.

டிரான்ஸ்கிரிப்ட் விஷயமும் அப்படித்தான். பல நாட்டு அமைப்புகள் மாணவர் கையில் கொடுத்து அனுப்பும் சான்றிதழை ஏற்பதில்லை. பல்கலைக்கழகத்திலிருந்தும் கவுன்சிலிலிருந்தும் நேரடியாகப் போக வேண்டும். அந்தக் கவர் கிளம்பவே சில வாரங்கள், சில சமயம் மாதங்கள்கூட ஆகும். ஓஸ்பேப் விண்ணப்பக் கடைசித் தேதிக்கு இரண்டு வாரம் முன்பு இதை ஆரம்பிப்பவர்கள் அந்த ஆண்டைக் கோட்டைவிடுகிறார்கள்.

ஏஜென்டிடம் கேட்க வேண்டியது

கன்சல்டன்சி எல்லாமே ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. ஆனால், பெரும்பாலான இடங்களில் அவர்களுக்குக் கமிஷன் வருவது மாணவரைச் சேர்த்துவிட்டதற்காக, மாணவர் பார்மசிஸ்ட் ஆனதற்காக அல்ல. அதனால் பேச்சை 'நல்ல யுனிவர்சிட்டி, நல்ல ஊர்' என்பதிலிருந்து பதிவு என்ற ஒரே புள்ளிக்கு இழுத்துவர வேண்டும்.

இந்தப் படிப்பு அந்த நாட்டுப் பதிவு அமைப்பின் அங்கீகாரப் பட்டியலில் எங்கே இருக்கிறது, இப்போதே மொபைலில் காட்ட முடியுமா? முடித்தபின் பயிற்சி இடம் யார் தருவார்கள், அதற்கு எந்த விசா? பதிவு கிடைக்காவிட்டால் இந்தப் பட்டத்தை வைத்து எந்த வேலைக்கு ஸ்பான்சர் வாங்க முடியும்? பதில்களை வாயால் அல்ல, மின்னஞ்சலில் கேட்டு வாங்க வேண்டும். எழுதிக் கொடுக்கத் தயங்கும்போதே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

ஏற்கெனவே எம்.எஸ்சி-க்காக பிரிட்டன் போய்விட்டவர்களுக்கும் வழி அடைபட்டுவிடவில்லை. இந்தியப் பதிவு உயிரோடு இருந்து, ஐ.இ.எல்.டி.எஸ்-ல் நான்கிலும் 7 எடுத்துவிட்டால் ஓஸ்பேப்புக்கு விண்ணப்பிக்கலாம். இன்னொரு ஆண்டுக் கட்டணம் சேரும் என்பதுதான் வலி. கிராஜுவேட் விசாவில் இருப்பவர்கள் 2 ஆண்டும் முடியட்டும் என்று காத்திராமல், முதல் சில மாதங்களிலேயே இந்த முடிவை எடுத்தால் விண்ணப்பத்துக்கும் சான்றிதழ்கள் போய்ச் சேரவும் நேரம் இருக்கும். கனடா, ஆஸ்திரேலியத் தேர்வுகளுக்கான சான்றிதழ் ஆய்வையும் அங்கிருந்தே தொடங்கலாம்.